வடகரை அளவு

ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை கார்லண்ட் பஜெலின் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவி விழுந்தது. பெர்னிஸ் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். திரும்பவில்லை.

"மூணாவது," என்றாள்.

"வழுக்கிருச்சு."

"போன வாரமும் வழுக்குச்சு. அதுக்கு முந்தின வாரமும் வழுக்குச்சு. நான் என்ன கப்புக்கெல்லாம் எண்ணெய் தடவியா வைக்கிறேன்?"

அவன் குனிந்து இடது கையால் சில்லுகளைப் பொறுக்கினான். நண்டுப் பருவம் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்று கடலடியிலிருந்து நூற்றெண்பது நண்டுக் கூடுகள் தூக்கியிருந்தார்கள். கயிறெல்லாம் பனி பிடித்துக் கம்பி போல் விறைத்திருந்தது. அவனுடைய வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளே மடங்கிக் கிடந்தன. நீட்டச் சொன்னால் பாதி நீளும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

வலி இல்லை. அதுதான் பெர்னிஸைப் பயமுறுத்தியது.

இரவுச் சாப்பாட்டுக்கு ஹெட்லி வந்தார். கார்லண்டின் அண்ணன். அடுத்த வீடு. கருவாட்டு மீனும் ஊறவைத்த கட்டி ரொட்டியும், மேலே பொரித்த பன்றிக்கொழுப்பு. ஹெட்லி இடது கையால் சாப்பிட்டார். ஆறு வருடத்துக்கு முன் அவருக்கும் இதே விரல்கள்தான் முதலில் மடங்கின. செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் முழங்கையை அறுத்து நரம்பை இடம் மாற்றி வைத்தார்கள். அதற்குப் பிறகு கை முழுக்கப் போய்விட்டது. படகைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். இப்போது கூடுகளின் வலையை இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட்டுத் தைக்கிறார்.

"காட்டுடா," என்றார் ஹெட்லி.

கார்லண்ட் கையை மேசையில் வைத்தான். ஹெட்லி தன் வலது கையை அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டு கைகளும் ஒரே வார்ப்பில் இருந்தன. ஒன்று மட்டும் அதிகமாக வற்றியிருந்தது.

"எனக்கு இந்த மாதிரி இருந்தப்பதான் போனேன்," என்றார். "அறுக்கறதுக்கு முன்னால கயிறு பிடிக்க முடிஞ்சுது. பின்னால கரண்டியும் முடியல."

"அத்தான், சாப்பாட்டு நேரத்துல," என்றாள் பெர்னிஸ்.

"வேற எந்த நேரத்துல சொல்றது? இவன் மத்த நேரமெல்லாம் கடல்ல இருக்கான்."

கார்லண்டுக்கு நாற்பத்து நான்கு வயது. அவனுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். கர்லூ தீவில் மற்ற வேலைகளுக்கும் இரண்டு கை வேண்டும்.

*

தீவு மருத்துவமனையில் ஒன்பது படுக்கை. படம் எடுக்கும் அறை கடைசியில், கொதிகலனுக்குப் பக்கத்தில். அதனால் தீவிலேயே கதகதப்பான இடம் அது. மேவிஸ் கீப்பிங் அங்கே பதினான்கு வருடமாக இருக்கிறாள். கார்லண்டுக்குச் சித்தி மகள். எலும்பு முறிவு, பித்தப்பைக் கல், கர்ப்பம், எல்லாம் அவள்தான்.

நரம்பைப் படமெடுக்க அவளாகவே கற்றுக்கொண்டாள். குளிர்காலத்தில் பனி அடைத்து ஃபெர்ரி நின்றுவிட்டால் வாரக்கணக்கில் யாரையும் நகரத்துக்கு அனுப்ப முடியாது. நரம்பு மருத்துவர் நகரத்தில்தான். அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்க்கலாம் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டாள். இரண்டு குளிர்காலம் மதிய இடைவேளையில் தன் கையையே பார்த்துப் பழகினாள். இப்போது மணிக்கட்டில் நரம்பைப் பிடித்தால் அக்குள்வரை கருவியின் கைப்பிடியைத் தோலிலிருந்து எடுக்கமாட்டாள். திரையில் தசைகள் விலகும், ரத்தக்குழாய் துடிக்கும், எலும்பு வெள்ளைக் கோடாக வந்து போகும். நரம்பு மட்டும் நடுவிலேயே நிற்கும்.

"ஜெல் ஜில்லுனு இருக்கும்ண்ணே," என்றாள்.

"நான் பனிக்கட்டிக்கு நடுவுல இருந்துதான் வரேன்."

"எல்லாரும் அதையேதான் சொல்லுவீங்க. வச்சவுடனே துள்ளுவீங்க."

வைத்தாள். அவன் துள்ளினான்.

"அங்க பாருங்க. கயித்தைக் குறுக்கால வெட்டினா முனை எப்படி இருக்கும்? புரி புரியா. அதான் நரம்பு."

கார்லண்ட் திரையைப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு சிறு வட்டம். உள்ளே கருப்புப் புள்ளிகள். முழங்கையின் உள்பக்கம் வந்தபோது வட்டம் பெருத்தது. மேவிஸ் படத்தை நிறுத்தி ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாள். பரப்பளவு கீழே வந்தது. பதினெட்டு சதுர மில்லிமீட்டர்.

அவள் கோப்பைத் திறந்தாள். அதில் அவளே தயாரித்த ஒரு தாள் இருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு எந்த இடத்தில் எவ்வளவு இருக்கும் என்ற கணக்கு. பாடப்புத்தகத்தில் முழங்கைக்குப் பத்துக்குள் என்று இருந்தது. ஆனால் அவள் முதலில் அளந்த தீவுக்காரர்கள் பலருக்கும் பதினைந்தும் பதினாறும் வந்தது. ஒவ்வொரு இடமும் தன் ஆட்களை, தன் கருவியில் அளந்து தன் கணக்கை எடுத்துக்கொள்வது நல்லது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் எடுத்தாள். அவளையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். மூன்று வருட வேலை. புத்தகத்தில் இருப்பது மேசைக்கு முன்னால் உட்காருபவர்களின் நரம்பு, இங்கே பன்னிரண்டு வயதிலிருந்து கயிறு இழுக்கிறார்கள், தடித்துத்தான் இருக்கும் என்று அறிக்கையில் எழுதினாள். அவள் கணக்கில் முழங்கைக்கு உச்ச வரம்பு இருபத்திரண்டு.

"முழங்கை சரியாத்தான் இருக்கு," என்றாள்.

"அப்ப எங்க?"

"மேல போகணும். கழுத்தா இருக்கலாம்."

ஹெட்லியின் முழங்கை கார்லண்டின் நினைவுக்கு வந்தது. தன்னுடையது முழங்கை இல்லை என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி.

*

நகரத்தில் யாரோ ரத்து செய்த நேரம் கிடைத்து மே நடுவில் எம்.ஆர்.ஐ எடுத்தார்கள். ஃபெர்ரியும் சாலையுமாக ஏழு மணி நேரம். கழுத்தெலும்புகளுக்கு இடையிலிருக்கும் ஒரு வட்டு பிதுங்கியிருந்தது. அறுவை மருத்துவர் பொறுமையானவர். முழங்கை சரி என்ற அறிக்கையை இரண்டு முறை படித்தார். அப்படியானால் இதுதான் என்றார். கழுத்தின் முன்பக்கம் திறந்து வட்டை எடுத்துவிட்டு எலும்புகளைச் சேர்த்துத் தகடு வைக்க வேண்டும். ஜூன் பன்னிரண்டு, காலை ஒன்பது மணி.

திரும்பும்போது ஃபெர்ரியில் இருவரும் காரை விட்டு இறங்கவில்லை. மழை.

"முன்பக்கமாவா?" என்றான் கார்லண்ட். "கழுத்து பின்னாலதான இருக்கு?"

"உனக்கு முன்னாலயும் இருக்கு."

"குரல் போகலாம்னு சொன்னாரே."

"நூத்துல ஒருத்தருக்குன்னு சொன்னாரு. நீ பேசறதே நாளைக்குப் பத்து வார்த்தை."

அவன் சிரித்தான். பிறகு, "மூணு மாசம் தூக்கக்கூடாதாம். பருவம் முடிஞ்சிரும்," என்றான்.

"முடியட்டும்."

"அதுக்கப்புறமும் கை வரலேன்னா?"

பெர்னிஸ் கார்க் கண்ணாடியைத் துடைத்தாள். நீராவி வெளிப்பக்கம் இல்லை, உள்பக்கம். துடைத்தும் மறுபடி படிந்தது.

"போட்டுக்கலாமா வேண்டாமா, நீயே சொல்லு," என்றான். "எனக்குத் தெரியல. நீ சொன்னா படுத்துக்கறேன்."

அவள் மறுபடி கண்ணாடியைத் துடைத்தாள்.

*

மே கடைசியில் அவள் மேவிஸிடம் போனாள். நகரத்து மருத்துவர் முழங்கைப் படங்களின் நகல் கேட்டிருந்தார். நண்டுத் தொழிற்சாலையில் வேலை முடிந்து நேராக வந்ததால் ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை. அறையில் உப்பும் நண்டும் மணத்தன.

"உட்காருங்க அண்ணி. பதிவாக அஞ்சு நிமிஷம் ஆகும்."

மேசையில் கோப்பு திறந்திருந்தது. பெர்னிஸ் அதைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இது என்ன பட்டியல்? கோயில் விருந்துக்கா?"

"இல்ல. நான் அளந்த ஆட்கள். சரியான நரம்பு எப்படி இருக்கும்னு தெரியணும்ல."

பெர்னிஸ் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினாள். "பஜெல், பஜெல், கீப்பிங், பஜெல், கீப்பிங், கீப்பிங். இது யாரு, ஆர்த்தர் ரைடவுட்? அவங்க அம்மா கீப்பிங். மறுபடி பஜெல்." கடைசிவரை போனாள். "ஒரு ஃபோலி இல்ல. ஒரு கென்னடி இல்ல. எங்க பக்கத்து ஆள் ஒருத்தர்கூட இல்லையே மேவிஸ்."

"யாரும் வரல அண்ணி. கூப்பிட்டேன்."

"எங்க கூப்பிட்ட?"

"கோயில்ல அறிவிப்புக் கொடுத்தேன். ஹால்ல வச்சு அளந்தேன்."

"எந்தக் கோயில்ல? எந்த ஹால்ல?"

மேவிஸ் கோப்பைத் தன் பக்கம் திருப்பிப் பட்டியலைப் பார்த்தாள்.

துறைமுகத்துக்கு வடக்கே ஆங்கிலிக்கன் கோயில், தெற்கே மாதா கோயில். நடுவில் அரை மைல் தண்ணீர், சுற்றிப் போனால் நல்ல சாலை. வடகரைக்காரர்கள் தென்கரை ஹாலுக்குச் சாவுக்குக்கூடப் போவதில்லை. அவர்களும் வருவதில்லை. சண்டை எதுவும் இல்லை. வழக்கமில்லை, அவ்வளவுதான். பதினெட்டு வருடத்துக்கு முன் தெற்கிலிருந்து வடக்கே கல்யாணமாகி வந்தவள் பெர்னிஸ்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள். "நான் வந்த புதுசுல உங்க கோயில்ல ஒண்ணு பார்த்தேன். பாட்டுக்கு எந்திரிக்கும்போது பாதிப்பேர் காலை உதறுவாங்க. சில பேர் கையை. பிரசங்கம் நீளம், அதான்னு நினைச்சேன். எங்க பக்கம் பிரசங்கம் இதவிட நீளம். ஒருத்தரும் உதறமாட்டாங்க."

"கை மரத்துப்போறது எல்லாருக்கும் இருக்கறதுதானே அண்ணி?"

"எனக்கு இல்லையே."

"கயிறு இழுக்கற கைக்கு நரம்பு தடிக்கும்."

"எங்கப்பா சாகிறவரைக்கும் இழுத்தாரு. நான் பத்தொம்பது வருஷமா நண்டு உடைக்கிறேன். மணிக்கு எத்தனைன்னு உனக்குத் தெரியும்." பெர்னிஸ் சட்டைக் கையை மேலே சுருட்டி மேசையில் கையை வைத்தாள். "இது மேசைக்கு முன்னால உட்காருற கை இல்ல. எடு பார்ப்போம்."

மேவிஸ் ஜெல்லை வைத்தாள். பெர்னிஸ் துள்ளவில்லை. மேவிஸ் மணிக்கட்டிலிருந்து மேலே போனாள். முழங்கையில் நிறுத்திக் கோடு இழுத்தாள். ஏழு. அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். ஏழு. இடது கையைக் கேட்டாள். ஆறு.

பிறகு மேவிஸ் தன் சட்டைக் கையைச் சுருட்டினாள். தன் முழங்கையில் கைப்பிடியை வைத்தாள். அந்த எண்ணை அவள் மனப்பாடமாக அறிவாள். பழகிய காலத்தில் நூறு தடவை பார்த்தது. பதினாறு.

அவள் ஒரு தாளை எடுத்து முப்பத்திரண்டு எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி எழுதினாள். ஆறு, ஆறு, ஏழு, எட்டு என்று பதினான்கு பேர். அப்புறம் பதினான்கிலிருந்து இருபதுவரை பதினெட்டுப் பேர். பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் ஒன்றுகூட இல்லை. இரண்டு கூட்டம். அவள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரியும் அதிலிருந்து அந்த இருபத்திரண்டும் எடுத்திருந்தாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேன் அண்ணி."

"எவ்வளவு பெரிய தப்பு?"

"அண்ணன் கழுத்துல கத்தி வைக்கிற அளவு."

கணினி பதிவை முடித்துக் குறுந்தட்டைத் துப்பியது. இருவரும் அதை எடுக்கவில்லை.

"கோட்டைப் போட்டுக்கோ," என்றாள் பெர்னிஸ். "வீட்டுக்கு வந்து அவன்கிட்ட நீயே சொல்லு."

*

மேவிஸ் சமையலறையில் நின்றபடியே சொன்னாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ஹெட்லியும் இருந்தார். தன் கணக்கை எங்கே எடுத்தாள், யாரை வைத்து எடுத்தாள், ஏன் தப்பு, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை.

"நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கு. நம்ம ஆட்கள் பலருக்கும் பிறவியிலேயே அது கொஞ்சம் வேற மாதிரி இருக்குன்னு நினைக்கிறேன். எலும்பு மேல நரம்பு ஓடற எடத்துல அமுக்கினா மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நமக்கு வீங்கும். மரத்துப்போகும். விட்டுட்டா தானா வரும். அமுக்கிட்டே இருந்தா வராது."

"நான் எங்க அமுக்கறேன்?" என்றான் கார்லண்ட்.

"வீல்ஹவுஸ்ல, சுக்கான் பக்கத்துல எப்படி நிப்பீங்க? நின்னு காட்டுங்க."

அவன் எழுந்தான். இடது கையால் இல்லாத சுக்கானைப் பிடித்தான். கூடுகள் ஏறுவதைத் திரும்பிப் பார்ப்பதுபோல் உடம்பைச் சாய்த்து வலது முழங்கையை அலமாரி விளிம்பில் ஊன்றினான். பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது பழக்கமான நிலைதான். வடகரையில் படகு ஓட்டும் தண்டல்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள்.

"எத்தனை மணி நேரம்?"

"கூடு தூக்கற நேரம் பூரா. பத்து, பன்னண்டு."

"எத்தனை வருஷமா?"

"அண்ணன் படகைக் கொடுத்ததிலிருந்து."

யாரும் ஹெட்லியைப் பார்க்கவில்லை. அவர் தன் தேநீரில் பாலை ஊற்றிக் கலக்கினார். நிறைய நேரம் கலக்கினார்.

"அப்ப எனக்கும் இதுதானா?" என்றார்.

"இருக்கலாம் பெரியண்ணே. அப்ப இங்க இந்தப் படம் எடுக்க ஆளில்ல. அவங்களுக்கு முழங்கைல அடைப்புன்னு தெரிஞ்சுது, செஞ்சாங்க. இந்த மாதிரி நரம்பைத் தொட்டா சில நேரம் இன்னும் கெட்டுப்போகும்."

"இனிமே ஏதாவது செய்யலாமா?"

"இல்ல."

அவர் தலையாட்டினார். கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இவன் கழுத்தை நிறுத்து," என்றார். "அதைப் பாரு முதல்ல."

"நிறுத்துறது அந்த டாக்டர் கைல இருக்கு. நாளைக்கு ஃபோன் பண்றேன்."

"கொலீனுக்கு?" என்றாள் பெர்னிஸ். கொலீன் அவர்கள் மகள், பதினைந்து வயது, மாடியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாதிக்குப் பாதி வாய்ப்பு அண்ணி. இருந்தாலும் பயப்படற வியாதி இல்ல. தெரிஞ்சு நடந்துக்கிட்டாப் போதும். தெரியாம இருக்கறதுதான் பிரச்சனை."

கார்லண்ட் இன்னும் அலமாரியில் சாய்ந்து நின்றிருந்தான். கவனித்ததும் கையை எடுத்தான்.

"உட்காருடி மேவிஸ்," என்றான். "டீ ஆறுது."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். அழுதாள். ஹெட்லி சர்க்கரைக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார்.

*

அறுவை மருத்துவர் ஃபோனில் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

"மீனவர்களுக்கு நரம்பு தடித்திருக்கும்னு அறிக்கையில நீங்கதானே எழுதினீங்க?" என்றார்.

"ஆமா டாக்டர். சும்மா நினைச்சுக்கிட்டு எழுதினேன்."

"அது உண்மையாவும் இருக்கலாமே. இல்லேன்னா உங்க கருவி எல்லாத்தையும் பெருசாக் காட்டலாம். உங்க அண்ணி ஒருத்தரை வச்சு நான் எதை நம்பறது?"

"என்ன வேணும் உங்களுக்கு?"

"அதே கருவி. அளக்கற அதே கை. அதே கடல் வேலை. வேற ரத்தம். இருபத்தஞ்சு பேராவது வேணும். பத்தாம் தேதிக்குள்ள அனுப்புங்க. அவங்களுக்குச் சின்னதா இருந்தா கத்தியைக் கீழ வைக்கறேன். ரத்தப் பரிசோதனைக்கும் எழுதறேன், ஆனா அது வர ஆறு வாரம் ஆகும்."

மேவிஸ் ஃபோனை வைத்துவிட்டுப் பெர்னிஸைக் கூப்பிட்டாள்.

*

பெர்னிஸின் அண்ணன் டெர்மட் ஃபோலி தென்கரைத் துறையில் நண்டுத் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாகக் கடலில் இருப்பவர். தங்கை கல்யாணத்துக்கு வந்து கோயில் வாசலில் நின்றவர். உள்ளே வரவில்லை.

"யாரு வந்திருக்கா பாருங்கடா," என்றார் தன் ஆட்களிடம். "வடகரை மகாராணி."

"அண்ணே, ஒரு உதவி வேணும்."

"மாப்ள கழுத்தை அறுக்கப் போறாங்களாமே. பாதிரியார் வேணுமா?"

"அறுக்காம இருக்கத்தான் வந்தேன்."

அவள் சொன்னாள். ஒரு தட்டு இறங்கி அடுத்த தட்டு இறங்கும் இடைவெளிகளில் துண்டு துண்டாகச் சொன்னாள். டெர்மட் வேலையை நிறுத்தவில்லை. காது மட்டும் அவள் பக்கம் இருந்தது.

"ஆக, அவங்க எல்லாருக்கும் நரம்பு கோளாறு. அத நிரூபிக்க எங்க நரம்பு வேணும்."

"ஆமா."

"இத நான் முப்பது வருஷமா சும்மாவே சொல்லிட்டிருக்கேன்."

ஆட்கள் சிரித்தார்கள். பெர்னிஸும் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்தினாள்.

"அண்ணே, உன் கையை நீட்டு."

அவர் நீட்டினார். அகலமான கை, தழும்பு விழுந்த கை, ஐந்து விரலும் விரிந்த கை. அவள் அதைப் பிடித்து மடக்கிப் பார்த்தாள். திறந்து பார்த்தாள்.

"அவனுக்கு இது முடியல," என்றாள். "சட்டைப் பட்டனை நான் போட்டு விடறேன். வாசல் தாண்டறதுக்கு முன்னால ஜன்னல்ல யாராவது பார்க்கறாங்களான்னு பார்ப்பான்."

டெர்மட் கையை உருவிக்கொண்டார். ஒரு தட்டை எடுத்தார். வைத்தார்.

"எங்க வச்சு?"

"வடகரை ஹால்ல. கருவியைத் தூக்கிட்டு வர்றா. மின்சாரம் அங்கதான் ஒழுங்கா இருக்கு."

"சனிக்கிழமைன்னா வரேன். ஞாயித்துக்கிழமைன்னா உங்காளுங்க பாடிருவாங்க."

*

சனிக்கிழமை காலை தெற்கிலிருந்து பதினொரு வண்டிகள் சாலையைச் சுற்றி வந்தன. இருபத்தொன்பது பேர். ஹால் வாசலில் சற்று நேரம் நின்றார்கள். பிறகு டெர்மட் தொப்பியைக் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள்.

வடகரைப் பெண்கள் வெல்லப்பாகு ஊற்றிய பொரித்த ரொட்டி வைத்திருந்தார்கள். கார்லண்ட் தேநீர் ஊற்றினான். இடது கையால். பழக்கமில்லாததால் தட்டிலும் ஊற்றினான்.

மேவிஸ் காலை எட்டரைக்கு உட்கார்ந்தாள், மாலை ஐந்தரைக்கு எழுந்தாள். ஒவ்வொருவருக்கும் இரண்டு முழங்கை, இரண்டு மணிக்கட்டு, இரண்டு முழங்கால் பக்கம். ஒவ்வொன்றும் மூன்று தடவை. கொலீன் எண்ணை எழுதினாள். மேவிஸ் எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை, விரலால் திரையில் காட்டினாள். யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஒரு கிழவருக்கு முழங்கையில் பழைய எலும்பு முறிவு இருந்தது. அவரை நன்றி சொல்லி விலக்கிவிட்டாள். ஆள் குறைந்தாலும் பரவாயில்லை என்றாள். மதியம் அவள் கழுத்து பிடித்துக்கொண்டது. பெர்னிஸ் பின்னால் நின்று தேய்த்துவிட்டாள். கைப்பிடி தோலிலிருந்து எழவில்லை.

டெர்மட் நடுவில் வந்தார்.

"உள்ள என்ன தெரியுது?"

"கயித்து முனை மாதிரி. அங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "சின்னதா இருக்கே. குறையா?"

"இல்ல. அதுதான் சரி."

"எத்தனை?"

"ஏழு."

அவர் திரும்பித் தேநீர் மேசையைப் பார்த்தார். "மாப்ள, உனக்கு எத்தனை?"

"பதினெட்டு," என்றான் கார்லண்ட்.

"எதுலதான் நீ என்னை ஜெயிக்காம இருந்திருக்க," என்றார் டெர்மட். எழுந்துபோய் அவன் கையிலிருந்து கெட்டிலை வாங்கித் தானே ஊற்றிக்கொண்டார். அவனுக்கும் ஊற்றினார்.

இருபத்தெட்டுப் பேர். மிகப் பெரிய எண் ஒன்பது.

ஹால் காலியானதும் மேவிஸ் கார்லண்டை மறுபடி படுக்கவைத்தாள். இந்த முறை முழங்கையோடு நிற்கவில்லை. மணிக்கட்டில் பதினேழு, முழங்கால் பக்கம் இருபத்தொன்று. இடையில், சதைக்குள் ஓடும் இடங்களில் ஆறு, ஏழு. இடது கையிலும் அப்படியே. எலும்பு மேல் போகும் இடத்தில் எல்லாம் வீக்கம், மற்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

"நல்ல கையையும் வச்சுத்தான் ஒப்பிட்டுப் பார்த்தேன் அன்னிக்கு," என்றாள். "ரெண்டும் ஒரே மாதிரி இருந்துச்சு. அதனால சரின்னு நினைச்சேன்."

"கை வருமா?" என்றான் கார்லண்ட்.

"வரும்னு நினைக்கிறேன். எப்பன்னு படம் சொல்லாது. அமுக்காம இருந்தா மூணு மாசம், ஆறு மாசம். முழுசா வராமலும் போகலாம்ண்ணே. பொய் சொல்லமாட்டேன்."

"சரி."

"கோயில்ல நாளைக்கு எழுந்து நின்னு சொல்லணும். பழைய தாளைக் கிழிச்சாச்சுன்னு. பதினெட்டுப் பேருக்கும் தனித்தனியாவும் சொல்லணும்."

"பதினேழு," என்றாள் பெர்னிஸ். "உனக்கு நீ சொல்லிக்கிட்டாச்சு."

செவ்வாய்க்கிழமை நகரத்திலிருந்து ஃபோன் வந்தது. பெர்னிஸ் எடுத்தாள். அதிகம் பேசவில்லை. ஆமா என்றாள், சரி என்றாள், நன்றி என்றாள். ஃபோனை வைத்துவிட்டு நாட்காட்டியில் பன்னிரண்டாம் தேதியின் மேல் இருந்த வட்டத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தாள். பேனா தாளைக் கிழித்தது.

*

ஜூன் பன்னிரண்டு தெளிவான நாள். காற்று தென்மேற்கிலிருந்து. கார்லண்ட் விடியுமுன்பே போய்விட்டான். தூக்கும் வேலையை ஆட்களிடம் விட்டுச் சுக்கானை மட்டும் பார்ப்பது என்று ஏற்பாடு.

பெர்னிஸுக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் வேலை. சமையலறை அலமாரியில் வயர்லெஸ் பெட்டி இருக்கிறது. எல்லா வீடுகளிலும் இருக்கிறது. கடலில் இருப்பவர்களின் குரலைக் கேட்கத்தான் அது. யாரும் வீட்டிலிருந்து பேசுவதில்லை, ஒருவர் பேசினால் இரு கரையிலும் கேட்கும்.

மணி ஒன்பதானது. அவள் ஒலிவாங்கியை எடுத்தாள்.

"கார்லண்ட்."

இரைச்சல். பிறகு அவன் குரல். "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. எங்க இருக்க?"

"வேலைல."

"கை எங்க இருக்கு?"

இரைச்சல்.

"கார்லண்ட்."

"ஜன்னல் கட்டையில."

"எடு."

"எடுத்துட்டேன்."

இன்னொரு குரல் நடுவில் வந்தது. டெர்மட். "பொய் சொல்றான் பெர்னிஸ். நான் அவனுக்குப் பக்கத்துலதான் கூடு இறக்கறேன். இன்னும் சாஞ்சுதான் நிக்கறான்."

இரைச்சல்.

"இப்ப எடுத்துட்டான்," என்றார் டெர்மட்.

பெர்னிஸ் ஒலிவாங்கியை மாட்டினாள். வயர்லெஸ்ஸில் எல்லாப் படகுகளும் கேட்டிருந்தன. வடகரையிலிருந்து அன்று பதினான்கு படகுகள் போயிருந்தன. பதினான்கிலும் தண்டல்கள் முழங்கையை எடுத்து நேராக நின்றார்கள்.